சொல்லுதலும் திருப்பிக் கேட்டலும்

ஒரு யோசனையைச் சொல்லிவிட்ட மாத்திரத்தில் அது கேட்பவர் மனத்திற் பதிந்துவிட்டதென்று எண்ணுதல் கூடாது. எக்டேருக்கென்று கூறிய உரத்தை ஒருவர் ஏக்கருக்கென்று கொண்டால், சுமார் இரண்டரை மடங்கு உரம் வயலில் விழும். பயிர் சாய்ந்து, பணமும் போகமும் வீணாகும்.

1956-ம் வருஷத்தில், ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமாகிய யுனெஸ்கோவின் உதவியுடன், பூனாவை அடுத்த ஜில்லாக்களில் சுமார் 150 கிராமங்களில் ரேடியோ சங்கங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை குடியானவர்கள் ஒன்றுகூடி விவசாயப் பேச்சைக் கேட்டனர். பின்னர் அதைக் குறித்துத் தமக்குள் விவாதித்தனர். தம் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினர். ரேடியோ மட்டும் இருந்து சங்கமில்லாத கிராமங்களைவிட இக்கிராமங்களில் விஷய அறிவு மிகுதியாக வளர்ந்தமை பரீட்சையிற் கண்டறியப்பட்டது.

ஆகையால் கிராம அதிகாரிகள், “விளங்கிற்றா?” என்று வினவுவதோடு நிற்கலாகாது, மரியாதை கருதிப் பலரும் “ஆம்” என்பர். “எவ்வளவு இடுவீர்? எந்நாளில் இடுவீர்?” என்று வினவினால், பிழை அப்பொழுதே வெளியாகும். அளவைக் கிராமத்தில் வழங்கும் மூட்டைக் கணக்கிற் கூறுதல் நலம். விவசாயிகளும் ஐயத்தைக் கேட்கக் கூசலாகாது. கேட்பதற்குச் செலவில்லை, கேளாமைக்கோ ஒரு போகமே செலவாகக்கூடும்.