தாய்லாந்து மொழியின் 'ஹை' வினையும் தமிழின் 'கொடு' வினையும்: கற்பித்தல் நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியான புக்கிட் பாத்தோக்கில் வாழும் தமிழ் மாணவரின் செவியில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கும் விழுகின்றன. அவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பயில நேரின் தாய்லாந்து மொழியையும் பாடமாக எடுக்கலாம். அம்மொழியில் அவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் அன்றாட வினை 'ஹை'. இறங்கு தொனியில் ஒலிக்கும் இச்சொல்லுக்கு அகராதி தரும் முதற்பொருள் 'கொடு' என்பதாகும். அப்பொருள் மட்டும் போதாது என்பதையும், தமிழறிவு எங்குத் துணைசெய்யும், எங்குத் தடைசெய்யும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ் துணைசெய்யும் இடங்கள்

முதன்மை வினையாக 'ஹை' ஈதலைக் குறிக்கும். சொல்வரிசை மட்டும் தமிழுக்கு மாறானது: 'கொடு – பணம் – சிறுவன்' என வினை முன்னும், பெறுவோர் இறுதியிலும் நிற்பர்.

பிறர்பொருட்டுச் செய்யும் செயலையும் இவ்வினை சுட்டும். 'திற – கதவு – ஹை – அம்மா' என்னும் அமைப்பு, 'அம்மாவுக்குக் கதவைத் திறந்து கொடு' என்பதற்கு நிகராகும். தமிழிலும் 'கொடு' துணைவினையாகி இப்பொருளைத் தருவதால் மாணவர் இதனை எளிதில் உணர்வர்.

ஈவோர், ஏற்போர் நிலைகருதி ஈ, தா, கொடு எனத் தொல்காப்பியம் வேறுபடுத்துவதை அறிந்தவருக்கு மற்றொன்றும் வியப்பளிக்காது. அரசருக்கும் துறவியருக்கும் வழங்குகையில் தாய்லாந்தினர் 'ஹை' என்னாது 'தவாய்' என்பர்.

தமிழ் தடைசெய்யும் இடங்கள்

'மே ஹை லூக் நோன்' என்னும் தொடரில் 'மே' அன்னை, 'லூக்' பிள்ளை, 'நோன்' உறங்குதல். அன்னை பிள்ளையை உறங்க வைத்தாள் எனவும், உறங்க விட்டாள் எனவும் இது பொருள்படும். தமிழ் 'வை', 'விடு' என இருவேறு வினைகளால் பகுப்பதைத் தாய்லாந்து மொழி சூழலுக்கு விட்டுவிடுகிறது. எதிர்மறையில் குழப்பம் குறைவு: 'மை ஹை பை' என்பது பெரும்பாலும் 'போகவிடவில்லை' என்றே பொருள்படும்.

விளைவைக் குறிக்கும் பயன்பாடு இன்னும் கடினமானது. 'பூட் ஹை சட்' என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பேசு – கொடு – தெளிவு' என்றாகும். கருத்தோ 'தெளிவாகப் பேசு' என்பது. 'கின் ஹை மொட்' என்பது 'மிச்சமின்றி உண்' என்பதாம். இங்கெல்லாம் 'கொடு' என்னும் பொருளைத் தேடுவது பயனற்றது. 'இவ்விளைவு உண்டாகுமாறு செய்' என்னும் அமைப்பையே கற்பிக்க வேண்டும்.

சிங்கப்பூர்ச் சூழல் தரும் துணை

தமிழ் கைகொடுக்காத இவ்விடத்தில் அண்டை மொழி உதவும். பேச்சு மலாயில் 'காசி' என்பது 'கொடு' என்பதைக் குறிப்பதோடு, 'காசி தாவு' என வருகையில் 'தெரியப்படுத்து' என்றும் பொருள்படும். ஹொக்கியன் மொழியிலும் ஈதலைக் குறிக்கும் வினை அனுமதித்தலைக் குறிக்கிறது. புக்கிட் பாத்தோக்கின் உணவங்காடியில் இவற்றைக் கேட்டுப் பழகிய மாணவருக்கு 'ஹை' முற்றிலும் புதிதன்று.

முடிவுரை

அன்றாட வினையை ஒற்றைப் பொருளால் அன்றி, அது பயிலும் தொடரமைப்புகளால் கற்பித்தலே பயனுடையது. இது தமிழாசிரியருக்கும் பொருந்தும். ஆங்கிலம் பேசும் இல்லத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைக்குக் 'கொடு' என்பதன் ஆங்கில நிகரை மட்டும் தந்தால், 'சொல்லிக்கொடு', 'வாங்கிக்கொடு', 'விட்டுக்கொடு' என்பன விளங்கா. 'ஹை' கற்கும் தமிழருக்கு நேரும் இடர்ப்பாடே அப்பிள்ளைக்குத் தன் தாய்மொழியில் நேர்கிறது.