வண்டிப் பட்டாவும் கவசக் கப்பலும்

டெல்டாவில் கட்டை வண்டிகள் ஓடிய காலத்தில், சக்கரத்துக்குப் பட்டா போடும் நாளில் கொல்லுப்பட்டறையில் கூட்டம் கூடிவிடும். இரும்பு வளையத்தைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார் ஆசாரி. வளையம் சிவந்ததும் நாலு பேர் குறடால் தூக்கி மரச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் கருகிப் புகையும்போதே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். சூட்டில் விரிந்த இரும்பு, குளிர்ந்ததும் சுருங்கி வட்டையையும் ஆரக்கால்களையும் நெரித்துப் பிடித்துக்கொள்ளும்.

தஞ்சாவூர் பீரங்கிமேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கியிலும் இதே வித்தையைக் காணலாம். ரகுநாத நாயக்கர் காலத்தது என்று சொல்லப்படும் இந்தப் பீரங்கி, அச்சில் வார்த்தது அல்ல. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழல்போல அடுக்கி, அதன் மேல் காய்ச்சிய வளையங்களை வரிசையாக ஏற்றி இறுக்கியிருக்கிறார்கள். நீளம் ஏறக்குறைய ஏழரை மீட்டர். எடை சுமார் 22 டன்.

வளையம் எதற்கு? மருந்து வெடிக்கும்போது குழல் வெளிப்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும். சுருங்கிய வளையமோ அதை எந்நேரமும் உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தை வென்ற பிறகுதான் வெடிப்பு குழலை அசைக்க முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கவசக் கப்பல்களும் இந்த விதியை நம்பியே கடலுக்குப் போயின. 1868இல் இந்தியாவிலிருந்து சென்ற பிரிட்டிஷ் படை, அபிசீனியாவின் மக்தலா மலைக்கோட்டையைப் பிடித்தது. அந்தப் போரின் பெயர்களையே தாங்கி, பம்பாய்த் துறைமுகத்தைக் காக்க 'மக்தலா', 'அபிசீனியா' என்ற இரு கப்பல்கள் லண்டனில் கட்டப்பட்டன. இரண்டும் 1870இல் நீரில் இறங்கின.

மக்தலாவின் எடை 3,300 டன்னுக்கு மேல். பக்கவாட்டில் 8 அங்குலம் வரை இரும்புக் கவசம், அதற்குப் பின்னால் தேக்குப் பலகை. எதிரியின் குண்டுக்கு இலக்காகாதபடி மேல்தளத்தை நீர்மட்டத்தை ஒட்டியே வைத்தார்கள். அப்படியானால் அலை ஏறி உள்ளே புகுந்துவிடாதா? அதற்கு வழி கண்டவர் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட். வயலைச் சுற்றி வரப்பு கட்டுவதுபோல, தளத்தின் நடுப்பகுதியைச் சுற்றிக் கவசச் சுவர் எழுப்பினார். அந்த வரப்புக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு சுழலும் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பீரங்கிகள். பீரங்கி ஒவ்வொன்றும் 18 டன். அது எறியும் குண்டு 180 கிலோவுக்கும் மேல். உள்ளே எஃகுக் குழல், அதன் மேல் காய்ச்சி ஏற்றிய தேனிரும்பு உறைகள். நம் ஆசாரி பார்த்திருந்தால் வேலை உடனே பிடிபட்டிருக்கும்.

பம்பாய்ப் பயணத்துக்காக மக்தலாவுக்குத் தற்காலிகமாகப் பாய்மரங்கள் நட்டார்கள். வந்து சேர்ந்த பின் துறைமுகத்தைக் காத்து நிற்பதும், அவ்வப்போது சுட்டுப் பழகுவதுமே வேலை. போரில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. 1892இல் பழைய பீரங்கிகளை இறக்கிவிட்டு, பின்புறமாகக் குண்டு போடும் 8 அங்குலப் பீரங்கிகளை ஏற்றினார்கள். 1903இல் அபிசீனியாவும் அடுத்த ஆண்டு மக்தலாவும் விற்கப்பட்டன.

இவற்றோடு ஒத்த வடிவில் மெல்போர்னுக்காகக் கட்டிய 'செர்பரஸ்' மட்டும், 1926இல் அலைதடுப்பாக மூழ்கடிக்கப்பட்டு, ஆஸ்திரேலியக் கரையோரம் துருப்பிடித்து நிற்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பீரங்கிமேடு ஏறலாம். அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் அந்த வளையங்களைக் கிட்ட நின்று பாருங்கள். அவற்றின் பிடி இன்னும் தளரவில்லை.