துவரைக்குப் பின் என்ன விதைப்பது?

தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்று அவரையும் காராமணியும் படர்வது வீட்டுத் தோட்டத்திலும் மாடித் தொட்டியிலும்தான். காய்த்து ஓய்ந்த மண்ணிலேயே மறுபடி அவற்றை ஊன்றுகிறோம். செழித்து நின்ற செடி பூக்கும் தறுவாயில் துவண்டால் வெயிலைக் குறை சொல்கிறோம். பல நேரம் காரணம், மண்ணில் தங்கிவிட்ட பூஞ்சை. அது பெருகுமா, ஒடுங்குமா என்பதில் நாம் அடுத்து விதைக்கும் பயிருக்குப் பெரும் பங்குண்டு. துவரை வாடல் நோய் இதற்குத் தெளிவான சான்று. அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு 1910இல் பூஞ்சை ஆய்வாளர் பட்லர் 'பியூசேரியம் உடம்' என்று பெயரிட்டார். வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துச் செடியைக் கொல்லும் அது, மட்கும் வேர்க்கட்டைகளில் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும். துவரையை விட்டால் அதற்கு இரை மிகக் குறைவு. ஆகவே இடையில் ஓராண்டு சோளம் போட்டாலோ, துவரையோடு சோளத்தை ஊடுபயிராக்கினாலோ வாடல் குறைவதை, ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவிலுள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டின் ஆய்வாளர்கள் 1980களில் வயலிலேயே காட்டினார்கள்.

அதற்காக எல்லா நோய்க்கும் சோளமே மருந்தாகிவிடாது. உளுந்து, பாசிப்பயறின் வேரழுகலுக்குக் காரணமான 'மேக்ரோபோமினா' ஏறத்தாழ 500 வகைத் தாவரங்களைத் தாக்கும். சோளம், பருத்தி, எள் எல்லாம் அதில் அடக்கம். உளுந்துக்குப் பின் எள் போட்டால் பயிர் மாறியதாகத் தோன்றும். பூஞ்சைக்குப் பந்தி தொடர்கிறது. சேறடித்து நீர் கட்டும் நெல்தான் இதற்கு ஏற்ற மாற்று: நீரில் மூழ்கிக் காற்றற்றுப்போன மண்ணில், உறக்க நிலையிலிருக்கும் அதன் கரிய நுண்ணுருண்டைகள் பெருமளவு மடிகின்றன. நிலக்கடலைத் தண்டழுகல் பூஞ்சையின் கடுகளவு உருண்டைகளையும் தேங்கிய நீர் ஒடுக்கும். எந்த நோய் என்று அறிந்த பிறகே அடுத்த பயிரைத் தேர வேண்டும். நெல் நட வழியில்லாத மாடித் தொட்டியில், நோயுற்ற செடியை வேரோடு நீக்கி, ஈரமாக்கிய மண்ணைக் கோடையில் சில வாரங்கள் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் மூடிச் சூடேற்றலாம்.

எதிர்ப்புத் திறனுள்ள ரகம் இருக்க இத்தனை சிரமம் ஏன் என்று கேட்கலாம். வாடலைத் தாங்கும் 'மாருதி' துவரை, மலட்டுத் தேமல் நோய்க்கு எளிதில் ஆட்படுகிறது. விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை தரும் பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தி செய்தால் இளம் வேர் தப்பும். வயல் முழுதும் பெருகிவிட்ட பூஞ்சையை அது தீர்க்காது. சோளத்தில் வருமானம் குறைவு என்ற வாதம்தான் வலுவானது. ஊடுபயிர் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். மீதியை உழவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சோளத்துக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. அந்த விலைக்கு வாங்கும் கொள்முதல் நிலையம் உழவரின் ஊருக்கு அருகிலும் இருந்தால்தான், மண்ணைக் காக்கும் பயிரை அவர் துணிந்து விதைக்க முடியும்.