திரையில் உரோமரும் தொகைநூல் யவனரும்

பண்டை உரோமரை இந்தியத் திரை காட்டிய வகைக்குப் பிமல் ராயின் 'யகூதி' (1958) என்னும் இந்திப்படம் தக்க சான்றாம். ஆகா அசர் காசுமீரியின் நாடகத்தினின்று பிறந்த அதன்கண் உரோமர் யூதரை ஒடுக்கும் ஆட்சியாளரே. திலீப் குமார் உரோம இளவரசராக நடித்தார். தமிழிலோ, சிவாஜி கணேசனின் 'சொர்க்க'த்தில் (1970) வரும் சீசர் நாடகக் காட்சி சேக்சுபியர் வழிப்பட்டது. இரண்டும் மேடை ஈந்த உரோமர்.

நம் புலவர் கண்டோர் வேறு. யவனர் என்னுஞ் சொல் முதற்கண் கிரேக்கரைச் சுட்டிப் பின்னர் உரோமரையும் தழுவிற்று. அன்னோர் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டனர் (அகம். 149), தேறல் கொணர்ந்தனர் (புறம். 56), முல்லைப்பாட்டில் வேந்தனுக்குப் பாசறையில் மனையும் அமைத்தனர். அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தெடுத்த மதுச்சாடித் துண்டுகள் இவ் வாணிகத்திற்குக் கரி. ஆயினும், மிளகுக்கு விலைபேசும் உரோமனைத் திரையில் யாம் இன்னும் கண்டிலேம்.