வெப்சைட் யார் பேரில் இருக்கு?



மசாலாப் பொடி, ஊறுகாய், கோரைப்பாய், சணல் பை என்று நம்ம குழுக்கள் தயாரிக்கும் பொருள்களை வெளியூர்க்காரர்களும் பார்த்து வாங்க வேண்டும் என்றுதான் கூட்டமைப்புகள் வெப்சைட் போடுகின்றன. ஆனால் பல வருஷத்துக்கு முன் போட்ட சில தளங்களை இன்றைக்கு செல்போனில் திறந்தால் ஒன்றும் புரியாது. அப்போது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத போனில் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். இப்போது எல்லா போனிலும் படிக்க முடிவது யூனிகோடு எழுத்து. தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் பழைய தளத்தைப் புதுசாக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பெரிய கம்பெனி தேவையில்லை. வீட்டிலிருந்தபடியே தனியாக வேலை எடுத்துச் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்க: தளம் யார் பேரில் இருக்கும்?

வெப்சைட்டில் மூன்று பங்கு உண்டு. முதலாவது, தளத்தின் பெயர். இதை டொமைன் என்பார்கள். நம்ம வீட்டு விலாசம் மாதிரி. இரண்டாவது, அது தங்கியிருக்கும் கம்ப்யூட்டர் இடம். இதற்கு ஹோஸ்டிங் என்று பெயர். வாடகை மாதிரி பணம் கட்டணும். மூன்றாவது, நாம் போடும் படமும் எழுத்தும்.

இதில் பெயரைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கணும். பெயரை யாரும் சொந்தமாக விலைக்கு வாங்கிவிட முடியாது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 வருஷம் வரைதான் பதிய முடியும். பிறகு புதுப்பிக்கணும். டாட் காம், டாட் ஆர்க் பெயர்களுக்கு, கெடு முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. யாருக்கு அனுப்புவார்கள்? பதிவில் இருக்கும் ஈமெயிலுக்கு!

அந்த ஈமெயில் வேலை செய்த பிள்ளையுடையது என்று வையுங்க. அந்தப் பிள்ளை கல்யாணமாகியோ வேறு வேலை கிடைத்தோ போயிருக்கலாம். யார் மேலும் தப்பில்லை, ஆனால் கெடு தாண்டிவிடும். பெயரைப் பதிவிலிருந்து நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது மீட்க வழக்கத்தைவிட அதிகக் கட்டணம் கேட்பார்கள். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். நம்ம பாக்கெட்டில் அச்சடித்த விலாசத்தைத் தேடி வருகிறவர்கள் வேறு எவருடைய கடைக்கோ போய் நிற்பார்கள். பத்து வருஷம் சேர்த்த நல்ல பேர் என்னாவது?

குழுவின் வங்கிக் கணக்கை யாராவது ஒருத்தர் சொந்தப் பேரில் தொடங்க விடுவோமா? கூட்டுக் கையெழுத்து வைக்கிறோம் இல்லையா? இதுவும் அப்படித்தான். வேலை கொடுக்கும்போது இவற்றைக் கவனியுங்க:

1. கூட்டமைப்புக்கென்று ஒரு ஈமெயில் தொடங்குங்க. பெயரையும் ஹோஸ்டிங்கையும் கூட்டமைப்பின் பேரில், அந்த ஈமெயிலில் பதியச் சொல்லுங்க. ரசீதும் அதே பேரில் வாங்குங்க.

2. பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் வையுங்க. தலைவி, செயலர் இருவருக்கும் தெரியணும். நிர்வாகிகள் மாறினால் பாஸ்வேர்டையும் ஈமெயிலில் உள்ள போன் நம்பரையும் மாற்றுங்க.

3. புதுத் தளம் ஓடும்வரை பழையதை அழிக்க வேண்டாம். படம், எழுத்து எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுங்க.

4. எத்தனை பக்கம், எத்தனை நாள், பிறகு பராமரிக்க எவ்வளவு என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்க. கூலியை முன்பணம், பாதி வேலை, முழு வேலை என்று பிரித்துக் கொடுங்க. இது வேலை செய்கிறவருக்கும் பாதுகாப்பு.

5. உறுப்பினரின் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ தளத்தில் வரவே கூடாது. படம் போட அவரவர் சம்மதம் கேளுங்க.

ஏற்கெனவே தளம் வேறொருவர் பேரில் இருந்தாலும் பயப்படாதீங்க. அவரிடம் நல்லபடியாகப் பேசி, பதிவை நம்ம பேருக்கு மாற்றித் தரச் சொல்லுங்க. பழக்கமும் பேச்சும் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது சுலபம்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்க. பெயர் புதுப்பிக்கும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதுங்க. கடன் தவணைத் தேதியை மறக்காத நமக்கு இந்தத் தேதி ஒரு பெரிய விஷயமா என்ன!