ஒரே கோப்பில் அடங்கும் இணையச் செயலி

வெளியூர்ப் பயணம் புறப்படுவோர் கட்டுச்சோறு எடுத்துச் செல்வது நம் நாட்டின் பழைய வழக்கம். வழியில் சத்திரம் உண்டா, அங்கே அடுப்பு எரிகிறதா என்னும் கவலை அவர்களுக்கு இல்லை. கணினி நிரல்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதிலும் இத்தகைய வழக்கம் ஒன்று பரவியுள்ளது. அதன் நன்மையையும், அதனோடு ஒட்டி வரும் கடமையையும் இப்பேச்சில் காண்போம்.

உலாவியின் வாயிலாக நாம் பயன்படுத்தும் நிரலே இணையச் செயலி. பயணச் சீட்டுப் பதிவு செய்வதும், தேர்வு முடிவு பார்ப்பதும் இதன் வழியேதான். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, அதனைச் செவிமடுத்து விடை அனுப்புவதற்கு மறுமுனையில் எந்நேரமும் விழித்திருக்கும் நிரல் ஒன்று வேண்டும். அதனை வழங்கி, அதாவது சர்வர் என்கிறோம்.

நெடுங்காலம் வழங்கி வேறு, செயலி வேறு என்றே இருந்தன. ஜாவா மொழியில் எழுதப்பட்ட செயலியை நிறுவுவோர், முதலில் கணினியில் ஜாவாவை அமைப்பர்; பின்னர் டாம்கேட் போன்றதொரு வழங்கியை நிறுவுவர்; அதன் பிறகே செயலியை உரிய இடத்தில் வைப்பர். இம்மூன்றின் பதிப்புகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிடில், எழுதியவர் கணினியில் செவ்வனே ஓடிய செயலி, நிறுவியவர் கணினியில் நின்றுவிடும்.

இத்தொல்லைக்கு மாற்றாக எழுந்ததே உட்பொதிந்த வழங்கி. செயலி வழங்கிக்குள் குடிபுகுவதற்குப் பதிலாக, வழங்கியே செயலியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. 2014ஆம் ஆண்டில் முதற்பதிப்பு வெளியான ஸ்பிரிங் பூட், டாம்கேட்டைச் செயலியோடு சேர்த்து, ஜார் எனப்படும் ஒரே கோப்பாகக் கட்டித் தந்தது. ஆயினும் அதனை இயக்கக் கணினியில் ஜாவா இருந்தாக வேண்டும். கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகியோர் வகுத்து, 2009இல் வெளியான கோ மொழியில் இத்தேவையும் இல்லை. கம்பைலர், நாம் எழுதியதையும் வழங்கிக்குரிய பகுதிகளையும் இயந்திர மொழியாக்கி, ஒரே இயங்குகோப்பாக இணைத்துவிடுகிறது. 2021 பிப்ரவரியில் வந்த 1.16ஆம் பதிப்பு, பக்கங்களையும் படங்களையும் அதனுள்ளே பொதிப்பதற்கு மொழியிலேயே வழி செய்தது. இப்போது அக்கோப்பை நகலெடுத்து இயக்கினால் போதும்.

இரண்டு வரம்புகளை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். லினக்ஸுக்காக ஆக்கிய கோப்பு விண்டோஸில் நேரே ஓடாது. ஒவ்வொன்றிற்கும் தனியே ஆக்க வேண்டும். உள்ளே பொதிந்தவை படிப்பதற்கே உரியன. பயனர் தரும் புதிய விவரங்களை வெளியே ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இனிக் கடமையைப் பார்ப்போம். நிரல் எழுதுவோர், பிறர் முன்னரே எழுதிய பகுதிகளையும் எடுத்தாளுவர். இவற்றை நூலகங்கள் என்பர். லாக்ஃபார்ஜே என்பது நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஜாவா நூலகம். 2021 டிசம்பரில் அதில் கொடியதொரு குறை வெளிப்பட்டது. தீயவர் அனுப்பும் ஒரு சொற்றொடரை அது குறித்து வைத்தாலே, அக்கணினி அவர் ஏவலுக்கு உட்படக்கூடும். திருத்திய பதிப்பு விரைவில் வந்தது. எனினும் அந்நூலகம் ஜாருக்குள் ஜாராகப் பொதிந்து கிடந்தமையால், தம் கணினிகளில் அஃது எங்கெங்கே உள்ளது என்று கண்டறிவதே நிர்வாகிகள் பலருக்கு அரும்பாடாயிற்று. நூலகம் பொதுவாக ஓரிடத்தில் இருப்பின், ஒருமுறை திருத்தினாலே அதனைச் சார்ந்த நிரல்கள் பலவும் நலம் பெறும். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு படி இருப்பின், ஒவ்வொன்றையும் மீண்டும் ஆக்கி அனுப்ப வேண்டும்.

எனவே, இத்தகைய கோப்பை ஏற்கும் அலுவலகம் இரண்டு கேள்விகளைக் கேட்டல் நன்று. உள்ளே என்னென்ன நூலகங்கள், எந்தப் பதிப்பில் உள்ளன? குறை தோன்றினால், புதிய கோப்பை யார், எத்தனை நாளில் அனுப்புவார்? விடைகளை எழுத்தில் பெற்ற பின்னரே அக்கோப்பை இயக்கத் தொடங்குவது அறிவுடைமை.