பாட்டும் பணப்பெட்டியும்



ஓர் ஊரின் இசையைப் பேணுவதற்கென அமைக்கப்படும் சங்கங்களையும் சபாக்களையும் பற்றி இன்று சிறிது நோக்குவோம். இவற்றை இலாப நோக்கமற்றவை என்பர். இத்தொடரைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். பணம் மிஞ்சக்கூடாது என்பதல்ல அதன் கருத்து. மிஞ்சியதை எவரும் தம் வீட்டுக்குக் கொண்டுபோகாமல், அடுத்த கச்சேரிக்கோ ஒரு மாணவனின் வயலினுக்கோ செலவிடவேண்டும் என்பதே கருத்து. எதுவும் மிஞ்சாத சங்கம் சில ஆண்டுகளில் பெயர்ப்பலகையாக மட்டுமே எஞ்சும்.

அப்பணம் எவரிடமிருந்து வருகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. 1912இல் தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் ‘சங்கீத வித்தியா மகாஜன சங்கம்’ என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். அவர் சித்த வைத்தியர். மருந்துகளால் ஈட்டிய பொருளைக்கொண்டு வித்துவான்களை அழைத்து, உணவும் உறைவிடமும் தந்து, மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்ற வழக்கமான கொள்கையை மறுத்து, பழந்தமிழ் நூல்களின் துணையோடு 24 என வாதிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட அவரது ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. 1919இல் பண்டிதர் மறைந்தார். அச்சங்கம் அந்த வேகத்தில் மேலும் தொடரவில்லை. ஒருவரின் பையை நம்பிய ஓர் அமைப்புக்கு வேறென்ன நேரும்?

சென்னைச் சங்கீத வித்துவ சபையின் கதை வேறு. 1927 டிசம்பரில் அந்நகரில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் விளைவாக 1928இல் அச்சபை தோன்றியது. சொந்த மண்டபம் 1962இல்தான் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் இடங்களில் நடந்தும் அது தளரவில்லை. ஆண்டுதோறும் மாநாடு, அதற்கொரு சஞ்சிகை, அங்கத்தவர், நுழைவுச்சீட்டு என்று அதன் பாரம் பலர் தோளில் பகிரப்பட்டிருந்தது.

ஆனால் பணம் கொடுப்பவர் பாட்டையும் தெரிவு செய்வார். அக்காலக் கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே பெரும்பகுதியை நிரப்பின. தமிழ்ப் பாடல்கள் இறுதியில் ‘துக்கடா’வாக வந்தன. தமிழ்நாட்டுச் சபையிலே தமிழுக்குக் கடைசிப் பந்தி! இதனை மாற்ற விழைந்த அண்ணாமலைச் செட்டியார், 1941இல் சிதம்பரத்தில் தாம் நிறுவிய பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடக்கத் துணைநின்றார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. கல்கி அதற்காக ஓயாது எழுதினார். செட்டியார் 1948இல் காலமானார். ஆயினும் சங்கம் ஒழியவில்லை. அதற்கெனச் சொந்த மண்டபம் எழுந்தது; ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சி நடந்தது; இசைக் கல்லூரி இயங்கியது. செல்வர் தம் பணத்தை நிறுவனமாக மாற்றிவிட்டுச் சென்றார். பண்டிதருக்கு வாய்க்காதது இதுவே என்பது என் எண்ணம்.

நம் நாட்டுக்கு வருவோம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் ‘யாழ் நூலை’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அதனைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அச்சிட்டது. எந்தப் புத்தக வணிகர் அத்தகைய நூலுக்குக் கைக்காசு போட்டிருப்பார்?

யாழ்ப்பாணத்தில் 1931இல் தொடங்கப்பெற்ற வட இலங்கைச் சங்கீத சபை வேறொரு வழியை மேற்கொண்டது. கச்சேரிகளைவிடப் பரீட்சைகளே அதன் பெருந்தொண்டு. தரந்தரமாகப் பரீட்சை நடத்திச் சான்றிதழ் வழங்கியதால், கிராமத்துச் சிறுமிக்கும் ஒரு பாடத்திட்டம் கிடைத்தது. இசை ஆசிரியருக்கு மதிப்பும் கிடைத்தது. பரீட்சைக்கு வேண்டிய உருப்படிகளோடு கற்றலை நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளும் உளர். அது சபையின் குற்றமன்று.

இச்சபைகளுக்கெல்லாம் முன்பே நம்மிடம் ஒரு முறை இருந்தது. அதுதான் கோயில் உபயம். திருவிழாச் செலவு நாட்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ தொழிற்குழுவுக்கோ உரியதாகும். மேளமும் அவ்வுபயத்தில் அடங்கும். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலும் இந்நிழலில் வளர்ந்தவையே. ஓர் உபயகாரர் சினிமாப் பாட்டுக் கேட்டாலும், மறுநாள் உபயகாரர் தோடியைக் கேட்பார். விடியும்வரை மேளச் சமா நடக்கும். பிழை விட்டால் தலையசைப்பை நிறுத்திவிடும் கிழவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்த உபயப் பட்டியல்களும் சிதறின. பின்னர் பல குடும்பங்கள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உபயப் பணத்தை அனுப்பத் தொடங்கின. மேளம் ஒழுங்காகவே அமர்த்தப்படுகிறது. ஆனால் பணம் தந்தவர் ரொறன்ரோவில் உறங்குகிறார். நாதஸ்வரக்காரர் தோடியை விரித்து வாசிக்கையில், முன்வரிசைக் கதிரைகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. ஊருக்கு இனி ஓர் இசைச் சங்கம் அமைப்போர், சந்தாப் புத்தகத்தை அச்சடிக்குமுன் அக்கதிரைகளில் யாரை இருத்துவது என்பதை யோசிக்கட்டும்.